"நீங்க சும்மா உக்காருங்க தாத்தா!"

எஸ்.ஓ.எம். லேப்ல யு.டி.எம். மெஷின் முன்னாடி நின்னு ரீடிங் எடுத்தவங்களுக்கு இது தெரிஞ்ச கதைதான். ஒரு ஸ்டீல் கம்பி, அதே தடிமன்ல ஒரு அலுமினியக் கம்பி. ரெண்டுக்கும் ஒரே லோடு கொடுக்கிறோம். ரெண்டு கம்பியிலயும் தகைவு, அதாவது ஸ்ட்ரெஸ், ஒண்ணுதான். ஆனா திரிபு, அதாவது ஸ்ட்ரெயின், ஒண்ணு இல்ல. மீள் எல்லைக்குள்ள அலுமினியம் கிட்டத்தட்ட மூணு மடங்கு அதிகமா நீளும்.

சி.எஸ்.இ., ஐ.டி. நண்பர்களே, பயந்து டேப்பை மூடிடாதீங்க. இது மெட்டீரியல்ஸ் பத்தின கட்டுரை இல்ல. நம்ம வீட்டுத் திண்ணையில, சோபாவுல, டிவி முன்னாடி உக்காந்திருக்கிற தாத்தா பாட்டி பத்தினது. அவங்க மனசு மேல விழுற லோடு என்ன, ஒரே லோடுல சிலர் ஏன் ஒடிஞ்சு போறாங்க, சிலர் ஏன் நிமிர்ந்து நிக்கிறாங்க, இதுதான் கேள்வி. கடந்த முப்பது வருஷமா ஆராய்ச்சியாளர்கள் இந்தக் கேள்வியைத் துரத்திட்டு இருக்காங்க. அவங்களுக்குக் கிடைச்ச பதில்கள்ல ஒண்ணு, "நான் எதுக்காக இருக்கேன்" என்கிற உணர்வு. சுருக்கமா, வாழ்க்கை நோக்கம்.

ஸ்ட்ரெஸ், நம்ம டிபார்ட்மென்ட்ல இருந்து போன வார்த்தை

மனசு சம்பந்தமா நாம தினமும் சொல்ற "ஸ்ட்ரெஸ்" பொறியியல்ல இருந்து கடன் வாங்கின சொல். கனடாவின் மான்ட்ரியல்ல வேலை பார்த்த ஹான்ஸ் செல்யே என்கிற விஞ்ஞானி, 1936ல எலிகளை வெச்சு ஒரு விஷயத்தைக் கண்டுபிடிச்சார். குளிர், காயம், விஷம்னு எந்தக் கஷ்டம் கொடுத்தாலும் எலியோட உடம்பு கிட்டத்தட்ட ஒரே மாதிரி எதிர்வினை காட்டுச்சு. பின்னாடி இதுக்கு அவர் "ஸ்ட்ரெஸ்"னு பேர் வெச்சார். வெளியே இருந்து வர்றது ஸ்ட்ரெஸ், உள்ளே நடக்கிற மாற்றம் ஸ்ட்ரெயின்னு நமக்குத் தெரியும். அப்படிப் பார்த்தா அவர் கண்டது ஸ்ட்ரெயினைத்தான். அப்போ தனக்கு இங்கிலீஷ்ல அந்த ரெண்டு சொல்லுக்கும் வித்தியாசம் சரியாத் தெரியலைன்னு செல்யேவே பின்னால ஒத்துக்கிட்டார். பேர் ஒட்டிக்கிச்சு, குழப்பமும் ஒட்டிக்கிச்சு. இந்தக் கட்டுரை முழுக்க நமக்கு உதவப்போறது அந்த வித்தியாசம்தான்.

உடம்புக்குள்ள இது எப்படி நடக்குது? கன்ட்ரோல் சிஸ்டம்ஸ் படிச்சவங்களுக்கு இது ஒரு ஃபீட்பேக் லூப். மூளையில ஹைப்போதலாமஸ் "ஆபத்து"ன்னு ஒரு சிக்னல் அனுப்பும். பிட்யூட்டரி சுரப்பி அதை வாங்கி, சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி இருக்கிற அட்ரினல் சுரப்பிக்குத் தள்ளிவிடும். அட்ரினல் கார்ட்டிசோல் என்கிற ஹார்மோனை ரத்தத்துல விடும். சர்க்கரை ஏறும், உடம்பு தயாராகும். கார்ட்டிசோல் போதுமான அளவு வந்ததும் அதுவே மூளைக்குப் போய் "போதும், நிறுத்து"ன்னு சொல்லும். அழகான நெகட்டிவ் ஃபீட்பேக்.

வைவா வாசல்ல நிக்கும்போது நமக்கு நெஞ்சு படபடக்குது. முடிச்சு வெளியே வந்து கேன்டீன்ல ஒரு டீ குடிச்சா அடங்கிடுது. லூப் சரியா வேலை செய்யுதுன்னு அர்த்தம். சிக்கல் எங்கேன்னா, லோடு எடுக்கப்படாம மாசக்கணக்கா, வருஷக்கணக்கா இருக்கும்போதுதான். யீல்ட் பாயின்ட்டுக்குக் கீழே இருக்கிற லோடுகூட திரும்பத் திரும்ப வந்தா இரும்பு ஃபடீக் ஆகி ஒடியும் இல்லையா, அதே மாதிரி. உடம்புல இப்படிச் சேருற தேய்மானத்துக்கு புரூஸ் மெக்யூவன் என்கிற நரம்பியல் விஞ்ஞானி 1993ல "அலோஸ்டேட்டிக் லோடு"ன்னு பேர் கொடுத்தார். ரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு, வீக்கத்தைக் காட்டுற ரத்த அளவீடுகள், ஸ்ட்ரெஸ் ஹார்மோன்கள், இடுப்புச் சுற்றளவு, இதையெல்லாம் சேர்த்து ஒரு எண்ணா அளந்துடலாம்.

வயசாகும்போது இன்னொரு சிக்கல். "போதும், நிறுத்து" என்கிற சிக்னலைக் கேட்கிற மூளைப் பகுதிகள்ல ஹிப்போகேம்பஸ் முக்கியமானது. ஞாபகசக்திக்கும் அதுதான் முக்கியம். வயசோட அது சுருங்கும். அதனால லூப் மெதுவாகும். நமக்கு ஒரு மணி நேரத்துல அடங்குற பதற்றம் அவங்களுக்கு அடங்க நேரம் எடுக்கும்.

அவங்களுக்கு என்ன ஸ்ட்ரெஸ்?

"அரியர் இல்ல, பிளேஸ்மென்ட் டென்ஷன் இல்ல, மூணு வேளை சாப்பாடு, டிவி. தாத்தாவுக்கு என்ன ஸ்ட்ரெஸ்?" இப்படி நினைக்கிறது நமக்கு ரொம்ப இயல்பு.

லிஸ்ட் போட்டுப் பாருங்க. கூட வேலை பார்த்தவங்க, கூடப் பிறந்தவங்க, சில சமயம் துணையும் ஒவ்வொருத்தரா போயிட்டு இருப்பாங்க. முழங்கால் வலி இன்னைக்கு வந்து நாளைக்குப் போறதில்ல. கண் மங்குது, காது கேட்கலை, வீட்ல பேசுறது பாதி புரியலை. மாத்திரைக்கும் மகன்கிட்ட காசு கேட்கணும். இதெல்லாம் வந்து போற லோடு இல்ல, எடுக்கவே எடுக்காத லோடு.

இதுக்கு மேல ஒண்ணு இருக்கு. தமிழ்நாட்டு அரசு ஊழியருக்கு இப்போ 60 வயசுல ஓய்வு. பொன்னாடை, மாலை, குரூப் போட்டோ, எல்லாம் முடிஞ்சு அடுத்த நாள் காலையில ஏழு மணிக்கு எழுந்து என்ன செய்யறது? நேத்து வரைக்கும் நூறு பேர் கையெழுத்துக்காகக் காத்திருந்தாங்க. இன்னைக்கு யாருக்கும் அவர் தேவையில்ல. விவசாயிக்கும் நெசவாளிக்கும் ஓய்வுத் தேதின்னு ஒண்ணு கிடையாது. ஆனா நிலத்தை வித்த அன்னைக்கு, தறியை நிறுத்தின அன்னைக்கு அவங்களுக்கும் இதேதான்.

இது சின்ன எண்ணிக்கை இல்ல. 2011 சென்சஸ் படி தமிழ்நாட்டுல 60 வயசு தாண்டினவங்க 10.4 சதவீதம். 2021க்கான அரசுக் கணிப்பு 13.6 சதவீதம். பெரிய மாநிலங்கள்ல கேரளாவுக்கு அடுத்த இடம் நமக்குத்தான். நாம வேலைக்குச் சேர்ந்து செட்டில் ஆகும்போது இது இன்னும் கூடியிருக்கும்.

நோக்கம்னா லட்சியமா?

இல்ல. "ஐ.ஏ.எஸ். ஆகணும்", "ஸ்டார்ட்அப் தொடங்கணும்" இதெல்லாம் இலக்கு. அடைஞ்சா முடிஞ்சுடும். நோக்கம் திசை மாதிரி. இன்னைக்கு எழுந்திருக்கவும், நாளைக்கும் எழுந்திருக்கவும் ஒரு காரணம் கொடுக்கணும்.

1989ல கேரல் ரிஃப் என்கிற அமெரிக்க உளவியலாளர் மனநலத்தை ஆறு கூறுகளாப் பிரிச்சு அளவிட ஒரு கேள்வித்தாள் உருவாக்கினார். அதுல ஒரு கூறு வாழ்க்கை நோக்கம். செய்ய வேண்டியதெல்லாம் செஞ்சு முடிச்சாச்சுன்னு தோணுதா, தினசரி செய்யற வேலைகள் அற்பமாத் தெரியுதா, இந்த மாதிரி கேள்விகளுக்கு நாம எவ்வளவு ஒத்துப்போறோம்னு மார்க் போடுவாங்க. ஜப்பான்காரங்க இதுக்குப் பக்கத்துல வர்ற உணர்வை "இகிகாய்"னு சொல்வாங்க. நம்ம புத்தகக் கடைகள்ல அதை நாலு வட்டப் படமா போட்டு, வேலை தேடுற ஃபார்முலாவா வித்துட்டு இருக்காங்க. ஜப்பான்ல அது அவ்வளவு பெரிய விஷயம் இல்ல. பேரனை ஸ்கூல்ல விடறதும் இகிகாய், தோட்டத்துல முள்ளங்கி வளர்க்கிறதும் இகிகாய்.

அதே லோடு, குறைவான திரிபு

இப்போ முக்கியமான இடத்துக்கு வந்துட்டோம்.

அமெரிக்காவுல 1,949 பேரை வெச்சு நடந்த ஒரு ஆய்வு 2018ல வெளிவந்தது. சராசரி வயசு 56. தொடர்ந்து எட்டு நாள், ஒவ்வொரு நாளும் "இன்னைக்கு ஏதாவது சண்டை, பிரச்சனை, டென்ஷன் நடந்துச்சா? மனசு எப்படி இருந்துச்சு? தலைவலி, முதுகுவலி ஏதாவது?"ன்னு கேட்டாங்க. நோக்க உணர்வு அதிகம் இருக்கிறவங்களுக்குப் பிரச்சனை குறைவா வந்துச்சா? இல்ல. எல்லாருக்கும் கிட்டத்தட்ட அதே அளவு பிரச்சனைதான். ஆனா பிரச்சனை வந்த நாள்ல, நோக்கம் உள்ளவங்களுக்கு மனசு கெட்டுப்போனதும் உடம்பு வலிச்சதும் குறைவா ஏறுச்சு.

லோடு ஒண்ணுதான். திரிபு வேற.

அதே ஆய்வுத் தொடர்ல இருந்தவங்களைப் பத்து வருஷம் கழிச்சுப் பார்த்த இன்னொரு குழு, ஆரம்பத்துல நோக்க உணர்வு அதிகம் இருந்தவங்களுக்கு அலோஸ்டேட்டிக் லோடு குறைவா இருந்ததுன்னு 2015ல எழுதுச்சு. தினசரி வித்தியாசம் ஒரு நாள்ல கண்ணுக்குத் தெரியாது. பத்து வருஷம் சேர்ந்தா ரத்தத்துல தெரியுது.

இன்னும் ஆச்சரியமான ஒண்ணு சிகாகோவுல நடந்தது. அங்க ரஷ் பல்கலைக்கழகம் 1997ல இருந்து முதியவர்களைத் தொடர்ந்து கவனிச்சிட்டு வருது. சேர்றவங்க வருஷா வருஷம் பரிசோதனைக்கு வருவாங்க. இறந்த பிறகு மூளையைத் தானமாக் கொடுக்கவும் சம்மதிப்பாங்க. பாட்ரீஷியா பாயல் தலைமையிலான குழு 2012ல அப்படி 246 பேரோட மூளையைப் பார்த்தது. அல்சைமர் நோய்ல மூளையில புரதக் கசடுகளும் சிக்கல்களும் சேரும். நோக்கம் அதிகம் இருந்தவங்க மூளையிலும் அது சேர்ந்திருந்தது. ஆனா அதே அளவு சேதம் இருந்தும், அவங்க உயிரோட இருந்தபோது ஞாபகமும் யோசனையும் மத்தவங்களைவிட நல்லா இருந்திருக்கு. இங்கேயும் லோடு ஒண்ணு, திரிபு வேற!

எப்படி? முழு விடை இன்னும் கிடைக்கலை. ஆனா சில வழிகள் புரியுது. ஒண்ணு, நமக்கு முக்கியமான ஒரு விஷயம் கண் முன்னாடி இருந்தா, சின்னப் பிரச்சனை சின்னதாவே தெரியும். ரெண்டு, நாளுக்கு ஒரு ஒழுங்கு வரும். எழுந்து, குளிச்சு, நடந்து, நாலு பேரோட பேசி, ராத்திரி தூக்கம் வரும். மூணு, உடம்பைப் பார்த்துக்கணும்னு தோணும். 7,000க்கும் மேற்பட்ட அமெரிக்க முதியவர்களை ஆறு வருஷம் கவனிச்ச ஒரு ஆய்வுல, நோக்கம் அதிகம் உள்ளவங்க கொலஸ்ட்ரால் டெஸ்ட், புற்றுநோய்ப் பரிசோதனையெல்லாம் ஒழுங்காப் பண்ணிக்கிட்டாங்க. ஆஸ்பத்திரியில படுத்த ராத்திரிகளும் குறைவு.

கோரிலேஷன் வேற, காசேஷன் வேற, ப்ரோ!

இந்தக் கேள்வியை யாராவது கேட்டே ஆகணும். உடம்பு நல்லா இருக்கிறதாலதான் நோக்கமும் இருக்கோ? படுத்த படுக்கையா இருக்கிறவருக்கு நோக்கம் எங்கே இருந்து வரும்?

நியாயமான சந்தேகம். ஜப்பானின் ஓசாகி பகுதியில 43,391 பேரை ஏழு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வுல, இகிகாய் இல்லைன்னு சொன்னவங்க இறக்கும் வாய்ப்பு இருக்குன்னு சொன்னவங்களைவிட சுமார் 1.5 மடங்கு. வயசு, நோய், புகைப்பழக்கம் எல்லாத்தையும் கணக்குல எடுத்த பிறகு வந்த எண் இது. ஆனாலும் இது கவனிச்சுப் பார்த்த ஆய்வு. எதையும் மாத்திப் பார்க்கலை.

மாத்திப் பார்த்த ஒரு பழைய சோதனை இருக்கு. 1976ல அமெரிக்காவின் கனெக்டிகட்ல ஒரு முதியோர் இல்லம். எலன் லாங்கர், ஜூடித் ரோடின்னு ரெண்டு உளவியலாளர்கள். ஒரு மாடியில இருந்தவங்ககிட்ட "உங்க அறை, உங்க நேரம், உங்க முடிவு"ன்னு சொல்லி, பிடிச்ச செடியை எடுத்துக்கச் சொன்னாங்க. தண்ணி ஊத்துறது அவங்க பொறுப்பு. இன்னொரு மாடியிலயும் செடி கொடுத்தாங்க. ஆனா "நர்ஸ் தண்ணி ஊத்துவாங்க, உங்களை நாங்க நல்லாப் பார்த்துக்குவோம்"னு சொன்னாங்க. மூணு வாரத்துல முதல் மாடிக்காரங்க சுறுசுறுப்பா ஆனாங்க. 18 மாசம் கழிச்சுப் போனப்போ முதல் மாடியில 47 பேர்ல 7 பேர் இறந்திருந்தாங்க. மத்த மாடியில 44 பேர்ல 13 பேர்.

கேட்கவே சிலிர்க்குது இல்ல? ஆனா ஒரு திருத்தமும் சேர்த்துப் படிக்கணும். அந்த இறப்புக் கணக்கோட புள்ளியியல்ல தப்பு இருந்ததா அவங்களே அடுத்த வருஷம் திருத்தம் வெளியிட்டாங்க. வித்தியாசம் முதல்ல சொன்ன அளவுக்கு உறுதியானது இல்ல. ஒரு செடி ஆயுளைக் கூட்டும்னு யாராவது வாட்ஸ்ஆப்ல ஃபார்வர்ட் பண்ணா நம்பாதீங்க. ஆனா அந்த ரெண்டாவது மாடிக்குச் சொன்ன வாக்கியத்தை மட்டும் மறந்துடாதீங்க. அன்போட சொன்ன வாக்கியம் அது. நாம வீட்ல தினமும் சொல்றதும் அதேதான்.

இதைவிடப் பெரிய முயற்சி பால்டிமோர் நகரத்துல நடந்தது. எக்ஸ்பீரியன்ஸ் கார்ப்ஸ்னு பேர். 60 வயசு தாண்டினவங்களுக்குப் பயிற்சி கொடுத்து, வாரம் 15 மணி நேரம் அரசு ஆரம்பப் பள்ளிகளுக்கு அனுப்பினாங்க. குழந்தைகளுக்கு வாசிக்கச் சொல்லித் தரணும், நூலகத்தைப் பார்த்துக்கணும், சண்டையைத் தீர்த்து வைக்கணும். இதை வடிவமைச்சவங்கள்ல ஒருத்தர் லிண்டா ஃப்ரீட் என்கிற முதியோர் மருத்துவர். முதல்கட்டச் சோதனையில, பள்ளிக்குப் போனவங்க உடம்பு சுறுசுறுப்பு கூடுச்சு, டிவி பார்க்கிற நேரம் குறைஞ்சது. போகாதவங்களுக்கு டிவி நேரம் ஏறுச்சு. பிறகு 702 பேரைக் குலுக்கல் முறையில ரெண்டா பிரிச்சுப் பெரிய ஆய்வும் நடந்தது.

இதோட டிசைன்தான் கவனிக்க வேண்டியது. "தினம் அரை மணி நேரம் நடங்க"ன்னு டாக்டர் சொன்னா எத்தனை பேர் நடப்பாங்க? "அந்தப் பையன் இன்னைக்கு நான் வரலைன்னா படிக்க மாட்டான்"னா, மழை பெஞ்சாலும் குடையை எடுத்துக்கிட்டுக் கிளம்பிடுவாங்க. உடற்பயிற்சி தானா நடந்துடும்.

நம்ம வீட்ல என்ன பண்ணலாம்?

"நீங்க சும்மா உக்காருங்க தாத்தா, நான் பார்த்துக்கிறேன்." "பாட்டி, அதெல்லாம் உங்களுக்குப் புரியாது, விடுங்க." ரெண்டுமே பாசத்துலயும் அவசரத்துலயும் வர்ற வார்த்தை. ஆனா கேட்கிறவங்க காதுல விழறது "நீங்க தேவையில்ல" என்கிறதுதான். லோடைக் குறைக்கிறோம்னு நினைச்சு, தாங்குற தூணை உருவிடுறோம்.

முதல்ல, நிஜமான தேவையைக் கொடுங்க. சும்மா பொழுதுபோகக் கொடுத்த வேலையை அவங்க உடனே கண்டுபிடிச்சிடுவாங்க. கணக்குல கெட்டியான தாத்தாவா? வீட்டு வரவு செலவை அவர்கிட்ட விடுங்க. பாட்டியோட ஊறுகாய்ப் பக்குவம் அம்மாவுக்கே முழுசாத் தெரியாதா? உக்காந்து அளவோட எழுதி வாங்குங்க. நெசவு, விவசாயம், மரவேலை தெரிஞ்சவங்களா? உங்க மினி ப்ராஜெக்ட்டுக்கு அதைவிட நல்ல டொமைன் எக்ஸ்பர்ட் லிங்க்ட்இன்ல கிடைக்க மாட்டாங்க.

ரெண்டாவது, முடிவை அவங்ககிட்ட விடுங்க. என்ன குழம்பு, எந்த டாக்டர், எந்தச் சட்டை, கல்யாணத்துக்கு வர்றாங்களா இல்லையா, அவங்களே சொல்லட்டும். மெதுவாச் சொல்வாங்க. காத்திருங்க.

மூணாவது, போனை வாங்கி நாமளே யு.பி.ஐ. பண்ணிக் கொடுக்கிறது ரெண்டு நிமிஷ வேலை. சொல்லிக் கொடுக்கிறது ரெண்டு வாரம். அந்த ரெண்டு வாரத்தைக் கொடுங்க. பின் நம்பரையும் ஓ.டி.பி.யையும் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னும் சேர்த்துச் சொல்லிக் கொடுங்க.

நாலாவது, இது ரொம்ப முக்கியம். நோக்கம்னு பேர் வெச்சு வேலையைத் தலையில கட்டாதீங்க. ரெண்டு சின்னக் குழந்தைங்களைக் காலையில இருந்து ராத்திரி வரைக்கும் பாட்டிகிட்ட விட்டுட்டு "அவங்களுக்கும் பொழுது போகும்ல"ன்னு சொல்றது நோக்கம் இல்ல, சம்பளம் இல்லாத டூட்டி. வேணாம்னு சொல்ற உரிமை இருந்தாத்தான் அது அவங்களோட நோக்கம். சிலருக்கு அது கோயில், சிலருக்கு டீக்கடை அரசியல், சிலருக்கு நாலு கறிவேப்பிலைக் கன்று. அதை நாம தேர்ந்தெடுத்துக் கொடுக்க முடியாது, கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்.

கடைசியா, எல்லாத்தையும் நோக்கத்தால சரி பண்ண முடியாது. பசி, மருந்துச் செலவு, வீட்ல நடக்கிற அவமானம், இதையெல்லாம் முதல்ல தீர்க்கணும். "நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு ஒருத்தர் அடிக்கடி சொன்னா, தூக்கமும் சாப்பாடும் குறைஞ்சா, அது வயசோட புலம்பல்னு விட்டுடாதீங்க. அது மனச்சோர்வா இருக்கலாம், அதுக்குச் சிகிச்சை இருக்கு. டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க. முதியோருக்கான அரசு உதவி எண் 14567. மனநல உதவிக்கு டெலி மானஸ் எண் 14416. ரெண்டும் இலவசம்.

செமஸ்டர் லீவுக்கு ஊருக்குப் போறவங்க ஒரே ஒரு வேலை செய்யுங்க. "சாப்பிட்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" கேட்டு முடிச்ச பிறகு, உங்களுக்கு உண்மையிலேயே தெரியாத, அவங்களுக்குத் தெரிஞ்ச ஒரு விஷயத்தைச் சொல்லித் தரச் சொல்லிக் கேளுங்க. அப்புறம் ஹாஸ்டலுக்கு வந்து, அடுத்த வாரமே போன் போட்டு அதுல ஒரு சந்தேகம் கேளுங்க. அந்தப் பக்கம் குரல் எப்படி மாறுதுன்னு கவனிச்சுப் பாருங்க.